காசு கொடுத்தவருக்குத்தான் பூட்டு

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 வருடம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஜிம் ரீவ்ஸ் பாட்டென்றால் எனக்கு உயிர். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வெள்ளிக்குத் திருட்டு சிடி கூவிக் கூவி விற்ற காலத்திலும் ஒன்றுகூட வாங்கியதில்லை. வீட்டில் எண்பது சிடி இருக்கிறது, எல்லாம் ஒரிஜினல். சிலவற்றை ஈப்போவில் வாங்கினேன். சிலவற்றை அமெரிக்காவில் படித்த மகன் 2002 முதல் 2006 வரை வரும்போதெல்லாம் கொண்டுவந்தான். புதுக் காடியில் (காரில்) சிடி போட இடமில்லை என்பதால் மருமகளின் மடிக்கணினி வழியாகப் பென்டிரைவில் ஏற்றப் பார்த்தோம். எழுபதுக்கு மேல் ஒழுங்காக ஏறிவிட்டன. ஏழெட்டு மட்டும் அடம் பிடிக்கின்றன. ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒன்று ஏதோ புரோகிராமை ஏற்றச் சொல்கிறது. ஈப்போவில் வாங்கிய ஒன்றின் பின்பக்கத்தில் ‘சில கணினிகளில் பாடாமல் போகலாம்’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அது பழைய காடியிலும் பாடியதில்லை. அப்போதே கடைக்குக் கொண்டுபோனேன், “திறந்த சிடியை மாற்ற மாட்டோம்” என்றார்கள். “திருட்டு சிடி வாங்கியிருந்தால் இந்நேரம் பாடியிருக்கும் அண்ணே” என்று தம்பி சிரிக்கிறான். இன்னொன்று, மகன் கொண்டுவந்த ஒரு சிடியைப் போட்ட பிறகுதான் எங்கள் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி மந்தமானது. அது இன்று கோயில் அலுவலகத்தில் இருக்கிறது, கணக்கெல்லாம் அதில்தான். புரோகிராமை ஏற்றலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா? என் சிடியை நானே பென்டிரைவில் போட்டுக்கொள்வது திருட்டா?

பதில்: வணக்கம் ஐயா. முதலில் அந்தப் புரோகிராம். ஏற்ற வேண்டாம். கேட்கிற பெட்டியை மூடிவிட்டு டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். மருமகளிடமும் சொல்லி வையுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

உங்கள் தம்பி கேலியாகச் சொன்னாரோ என்னவோ, நடந்தது அதுதான். யாரும் நகல் எடுக்கக் கூடாதென்று இசை நிறுவனங்கள் அந்தக் காலத்தில் சில சிடிகளில் ஒரு பூட்டு வைத்தன. திருட்டு சிடி அடிக்கிறவன் பூட்டோடு சேர்த்தா அடிப்பான்? அவன் விற்ற டிஸ்க் லாரியிலும் பாடியது, டிவிடி பிளேயரிலும் பாடியது. நாற்பது வெள்ளி கொடுத்து, 2003 முதல் நம் மலேசியாவில் கட்டாயமாக்கிய அந்தப் பளபள ஹோலோகிராம் முத்திரையைத் தடவிப் பார்த்து வாங்கிய நீங்கள்தான் வீட்டுக்கு வந்து முழித்தீர்கள். பூட்டு திருடனுக்கென்று செய்தது, மாட்டியதோ காசு கொடுத்தவர் வீட்டில்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். அந்த வருடங்களில் காடி பிளேயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு என் பழுது பார்க்கும் கடைக்கு வருவார்கள். “புது சிடி, ஒரு கீறல் இல்லை, பாட மாட்டேன் என்கிறது. லென்ஸ் போச்சு போல” என்பார்கள். நானும் லென்ஸைத் துடைப்பேன், சரியாகாவிட்டால் மாற்றுவேன், காசு வாங்குவேன். பாசிர் சாலாக் பக்கமிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநருக்கு லென்ஸ் மாற்றி அனுப்பினேன். மறுவாரம் அதே டிஸ்க்கோடு திரும்பி வந்தார். பிளேயரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறை டிஸ்க்கிலேயே வேண்டுமென்று வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

‘வேண்டுமென்று வைத்த கோளாறு’ என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. சிடியின் இலக்கணத்தை பிலிப்ஸும் சோனியும் 1980-இல் எழுதின. 1982-இல் கடைக்கு வந்தது. வீட்டுக் கணினியில் சிடி போடும் பெட்டி வரும், அதில் பாட்டை அப்படியே இறக்கிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. அதனால் இசை பூட்டில்லாமல், திறந்தபடியே டிஸ்க்கில் இருக்கிறது. இருபது வருடம் கழித்துப் பூட்டுப் போட நினைத்தார்கள். எப்படிப் போடுவது? இசையையே பூட்டினால் ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் கோடிக்கணக்கான பிளேயர்கள் பாடாது. பழைய பிளேயர் பாட வேண்டும், கணினி மட்டும் திணற வேண்டும். இந்த இடுக்கில் நுழைய இரண்டு தந்திரம் செய்தார்கள்.

முதல் தந்திரம், டிஸ்க்கின் பொருளடக்கத்தைக் குழப்புவது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் டிஸ்க்கின் உள்வட்டத்தில் இருக்கும். சாதாரண பிளேயர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பாடத் தொடங்கிவிடும். கணினி முழுவதையும் படிக்கும், கடைசியாக எழுதப்பட்ட பகுதி எது என்று தேடிப் போகும். அங்கே பொய்த் தகவலை வைத்தால் அலைந்துகொண்டே இருக்கும். உங்கள் ‘சுற்றிக்கொண்டே இருக்கும்’ டிஸ்க் அநேகமாக இந்த ரகம். சில வகைகளில் பிழை திருத்தக் குறிகளையும் கெடுத்து வைத்தார்கள். சிடியில் சின்னக் கீறல் விழுந்தாலும் பாட்டு தடுமாறாமல் ஓடுவது அந்தத் திருத்தக் குறிகளால்தான். கையிருப்பில் இருந்த அந்த அரிசியை அவர்களே கொட்டிவிட்டார்கள். அப்புறம் நம் வீட்டுத் தூசியும் கீறலும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்.

காடி பிளேயர் ஏன் மாட்டிக்கொண்டது என்று கேட்பீர்கள். எம்பி3 பாடும் காடி பிளேயர்கள், டிவிடி பிளேயர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது கணினியில் இருக்கும் அதே வகைப் பொறி. பூட்டுக்கு அது கணினியா காடியா என்று தெரியாது.

உங்கள் ஜிம் ரீவ்ஸ் இந்தக் கதையின் தொடக்கத்திலேயே வருகிறார். சார்லி பிரைட் 2001-இல் ஜிம் ரீவ்ஸுக்கு அஞ்சலியாக ஒரு தொகுப்பு பாடி வெளியிட்டார். அமெரிக்காவில் பூட்டுப் போட்டு விற்ற முதல் சிடிகளில் அதுவும் ஒன்று, பூட்டு சன்காம் என்ற நிறுவனத்தின் சரக்கு. கணினியில் பாடாது என்று சரியாகச் சொல்லவில்லை, கேட்க வேண்டுமானால் சொந்த விவரங்களைக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி வழக்குப் போட்டார். 2002 பிப்ரவரியில் நிறுவனம் இறங்கிவந்து சமாதானம் செய்துகொண்டது. மகன் கொண்டுவந்ததில் அந்த டிஸ்க் இருக்கிறதா பாருங்கள்.

அதே 2001-இல் பிரிட்டனில் நடாலி இம்புருலியாவின் தொகுப்பு பலருக்குப் பாடாமல் போய், பூட்டில்லாத டிஸ்க்கை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் விற்ற செலின் டியான் சிடி ஆப்பிள் கணினிகளை முடக்கியது. உள்ளே போன டிஸ்க் வெளியே வராமல் சிக்கிக்கொண்ட கதையெல்லாம் உண்டு. இவ்வளவு செலவு செய்து கட்டிய அந்த வகைப் பூட்டை, டிஸ்க்கின் வெளி விளிம்பில் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் போதும், தாண்டிவிடலாம் என்று 2002 மே மாதமே ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையில் இருக்கிற சாமான்!

சிடியைப் பெற்ற பிலிப்ஸே அப்போது, இலக்கணத்தை மீறிய இவை சிடியே அல்ல, எங்கள் முத்திரையைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டது. உங்கள் ஏழெட்டு டிஸ்க்கையும் திருப்பிப் பாருங்கள். வழக்கமான ‘காம்பாக்ட் டிஸ்க்’ முத்திரை இல்லாமல் இருந்தால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது தந்திரம்தான் மோசமானது, கோயில் கணினியைப் பற்றி நான் கவலைப்படுவதும் அதனால்தான். டிஸ்க்கைப் போட்டவுடன் விண்டோஸ் தானாக ஒரு புரோகிராமை ஓட்டும், அது கணினியில் உட்கார்ந்துகொண்டு நகல் எடுக்க விடாமல் காவல் காக்கும். சன்காமின் அடுத்த பூட்டு இப்படிப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் 2003 அக்டோபரில் அதை ஆராய்ந்து, டிஸ்க் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் புரோகிராம் ஓடாது, பூட்டும் இல்லை என்று எழுதினார். ஒரு கோடி டாலர் வழக்குப் போடுவோம் என்று நிறுவனம் மிரட்டியது, உலகமே சிரித்ததும் வாபஸ் வாங்கிக்கொண்டது.

சோனி பிஎம்ஜி என்ற பெரிய இசை நிறுவனம் இதையும் தாண்டியது. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற விண்டோஸ் நிபுணர் தன் சொந்தக் கணினியில் கண்டதை வெளியிட்டார். காசு கொடுத்து வாங்கிய ஒரு சிடி, கணினியின் அடிவயிற்றில் தன்னை ஒளித்துக்கொள்ளும் ஒரு புரோகிராமை இறக்கியிருந்தது. எக்ஸ்சிபி என்று பெயர், செய்துகொடுத்தது ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். டிஸ்க் உள்ளே இல்லாதபோதும் இரண்டு விநாடிக்கு ஒரு தடவை கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குறிப்பிட்ட எழுத்துக் கோவையில் தொடங்கும் எந்தக் கோப்பையும் கண்ணில் படாமல் மறைத்தது. வீட்டுக்காரனுக்கே தெரியாமல் ஒரு பரண் கட்டிக் கொடுத்த மாதிரி. பத்தே நாளில் வைரஸ் எழுதுகிறவர்கள் அந்தப் பரணில் குடியேறிவிட்டார்கள். நிறுவனத்தின் டிஜிட்டல் வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே வானொலியில், ரூட்கிட் (இப்படி ஒளிந்துகொள்ளும் புரோகிராமுக்கு அதுதான் பெயர்) என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாது, அவர்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் பேசினார். எரிகிற நெருப்பில் எண்ணெய் அதுதான். நீக்குவதற்கென்று கொடுத்த கருவியே கணினியில் இன்னொரு ஓட்டையைத் திறந்து வைத்தது தனிக்கதை.

சனம் விடவில்லை. நவம்பர் நடுவிலேயே அந்த டிஸ்க்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட தலைப்புகள். டெக்சஸ் மாநிலம் வழக்குப் போட்டது, வாங்கியவர்கள் சேர்ந்தும் போட்டார்கள். பூட்டில்லாத மாற்று டிஸ்க்கோடு, ஏழரை டாலரும் ஒரு தொகுப்பின் இலவசப் பதிவிறக்கமும், அல்லது மூன்று தொகுப்பு என்று சமரசம் முடிந்தது. 2007 ஜனவரியில் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்தோடு செய்த உடன்பாட்டில், கணினி கெட்டவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்கவும் ஒப்புக்கொண்டார்கள். அதே மாதம் இஎம்ஐ என்ற இன்னொரு இசை நிறுவனமும் சிடிக்குப் பூட்டுப் போடுவதைக் கைவிட்டது. ஜப்பானில் 2002-இல் பூட்டுப் போட ஆரம்பித்த ஏவெக்ஸ் நிறுவனம் 2004-இலேயே பின்வாங்கத் தொடங்கியிருந்தது.

சரி, கோயில் கணினிக்கு வருவோம். அமெரிக்காவில் அந்த வருடங்களில் வாங்கிய டிஸ்க், எக்ஸ்பி, உடனே மந்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் எக்ஸ்சிபியாக இருக்கலாம், வயசான கணினியாகவும் இருக்கலாம். சோதிப்பது சுலபம். வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதன் பெயரின் தொடக்கத்தில் டாலர் குறி, எஸ், ஒய், எஸ், மறுபடி டாலர் குறி என்று வரும்படி மாற்றுங்கள். கோப்பு கண்ணெதிரே மறைந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். மறைந்தால் நீங்களே அழிக்கப் போகாதீர்கள். கையால் பிடுங்கியவர்களுக்குச் சிடி பெட்டியே கணினியில் காணாமல் போனது. கணக்குக் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்து, வேறு கணினியில் வைரஸ் சோதனை செய்து சேமியுங்கள். பழைய கணினியை இணையத்திலிருந்து இன்றைக்கே கழற்றுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கை கழுவிவிட்டது, அதில் கோயில் கணக்கு இருப்பது எக்ஸ்சிபி இல்லாவிட்டாலும் ஆபத்துதான். மருமகளின் கணினியைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். இன்றைய விண்டோஸ் கேட்காமல் எதையும் ஓட்டாது, அந்தக் காலத்துப் புரோகிராம் இதில் ஒட்டவும் ஒட்டாது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், இந்த டிஸ்க்குகளுக்குக் கிடைக்காது. ஆனால் அன்றைக்குக் கடைக்காரர் சொன்னது முழுச் சட்டமும் இல்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் சாமான் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், ‘திறந்தால் மாற்ற மாட்டோம்’ என்று சுவரில் அட்டை தொங்கவிட்டு அதைத் தட்டிக்கழிக்க முடியாது. டிஸ்க்கில் கணினியைப் பற்றி எச்சரிக்கை இருந்தது, அதை அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். காடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! பிரான்ஸில் 2003-இல் இதே மாதிரி காடியில் பாடாத ஒரு சிடிக்காக நாந்தேர் நீதிமன்றம், மறைந்திருந்த குறை என்று சொல்லி இஎம்ஐ பிரான்ஸ் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றது. நீங்களும் அப்போது பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கலாம். ஐந்து வெள்ளி கட்டணம், வக்கீல் வேண்டாம். ஆனால் மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். இருபது வருடம் கழித்து, அந்தத் தவுக்கேயே கடையை மூடிவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு இருப்பார். இனி வாங்கும் எந்தச் சாமானுக்கும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது, இப்போது 50,000 வெள்ளி வரை கோரலாம். அதற்காகவாவது ரசீதை எறியாதீர்கள்.

திருட்டா என்ற கேள்வியை நீங்கள் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், ஆனால் உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று தெரிகிறது. நான் வக்கீல் இல்லை, பழுது பார்ப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன். நம் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘சொந்த சிடியைச் சொந்தப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளலாம்’ என்று நேரடியாக ஒரு வரி கிடையாது. நியாயமான பயன்பாடு என்ற 13-ஆம் பிரிவின் நிழலில் அதை வாதிடலாம். ஆனால் பாதுகாப்புப் பூட்டை உடைப்பதை 36ஏ பிரிவு தனியாகவே தடுக்கிறது. அதனால் ஒழுங்காக ஏறிய எழுபதையும் உங்கள் காடிக்கும் வீட்டுக்கும் வைத்துக்கொள்வதில் என் மனசுக்கு உறுத்தல் இல்லை. டிஸ்க்குகளை விற்றுவிடாதீர்கள், பென்டிரைவை ஊர் சுற்ற விடாதீர்கள், அவ்வளவுதான். பூட்டிய அந்த ஏழெட்டை உடைக்கும் வழியை நான் இங்கே எழுத மாட்டேன். கோயில் ஒலிபெருக்கியில் போடுவது வேறு கணக்கு. அது பொது இடம், உரிமம் வாங்க வேண்டும்.

ஏழெட்டும் பூட்டினவைதான் என்றும் நம்பிவிடாதீர்கள். இந்த ஊர் ஈரத்தில் டிஸ்க்கிலும் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் பாட்டு ஓடும் தடத்தின் வழியாகவே கீறல் விழும். பிறகு விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளி போல வெளிச்சம் தெரிந்தால் பூச்சு உதிர்ந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது. நிஜமாகவே பூட்டின டிஸ்க் என்றால் எம்பி3 தெரியாத பழைய சாதா சிடி பிளேயர் ஒன்று தேடுங்கள். பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் அநேகமாக ஜம்மென்று பாடும். காடியிலும் வேண்டுமென்றால் அந்தப் பாட்டுகளை மட்டும் பதிவிறக்கக் கடையில் வாங்குங்கள். ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2009-இலேயே விற்கும் பாட்டுகளிலிருந்து பூட்டைக் கழற்றிவிட்டது. ஒரே பாட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுப்பதா என்று கோபம் வரும், நியாயமான கோபம்தான்.

மாதக் கட்டணத்தில் கேட்கலாமே என்று மகன் சொல்வார். கேட்கலாம், வசதிதான். ஆனால் சந்தாவை நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். 1960-இல் துன் சம்பந்தன் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டத்தையே சொந்தமாக்கிக்கொண்டவர்களின் ஊர்க்காரர் நீங்கள், வாடகைக்கும் சொந்தத்துக்கும் வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த எண்பது டிஸ்க்கையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பென்டிரைவைப் பற்றி ஒரு வார்த்தை. எழுபது சிடியையும் தரம் குறையாமல் ஃபிளாக் வடிவில் வைத்தால் ஏறக்குறைய 25, 30 ஜிபி ஆகும். 64 ஜிபி வாங்கினால் தாராளம். சில காடிகள் ஃபிளாக்கைப் பாடாது, வாங்குமுன் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். இன்னொரு பிரதியை வீட்டில் வையுங்கள், பென்டிரைவ் சொல்லாமல் சாகும்.

சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த டிஸ்க்கை மட்டும் ஒரு நாள் கடைக்குக் கொண்டுவாருங்கள். பழைய பிளேயர் ஒன்று மேசையடியில் வைத்திருக்கிறேன், போட்டுப் பார்க்கலாம். லென்ஸுக்குக் காசு வாங்க மாட்டேன்.